மைக்கா ஒட்டிய டிரம்

மில்வாக்கி நகரத்தில் எல்ராய் ஸுங்கர் தட்டிப் பார்க்காத டிரம் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் அது இன்னும் செய்யப்படவில்லை என்று அர்த்தம். ஒரு பழைய டிரம்மை மடியில் வைத்து, விரல் கணுவால் லேசாகத் தட்டி, காற்றுத் துளையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாரானால் அதன் ஜாதகத்தையே எழுதிவிடுவார். எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, கல்யாண வீடுகளில் வாசித்ததா, அணிவகுப்பில் போனதா, வாசித்தவன் இடக்கையனா, சுருட்டுப் பிடித்தவனா எல்லாம் வரும். அதில் பாதி பொய்யாக இருக்கலாம். எந்தப் பாதி என்றுதான் இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

வருஷா வருஷம் வசந்தத்தில், பனி உருகிச் சேறு காய்ந்ததும், பொருட்காட்சி மைதானத்துக் கொட்டகையில் பழைய டிரம் சேகரிப்பாளர் சங்கத்தின் சந்தை கூடும். அங்கே வாசலுக்கு நேரே ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் மூடிப்போன ஒரு சலூனிலிருந்து வாங்கிவந்த சிவப்புச் சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் எல்ராய். யார் வேண்டுமானாலும் டிரம்மைக் கொண்டுவந்து காட்டி விலை கேட்கலாம். எல்ராய் சொன்ன விலைதான் விலை. சிகாகோவிலிருந்து வந்த பெரிய வியாபாரிகள்கூட அவர் வாயைத் திறக்கும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவருடைய மனைவி இருந்த காலத்தில், வீட்டில் அவருக்கு இதில் நூறில் ஒரு பங்கு மரியாதை கிடைத்ததில்லை. ஆகவே அந்த நாற்காலியை அவர் எவ்வளவு நேசித்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. மாற்றினது மாற்றினதுதான் என்பது முதலாவது. தொழிற்சாலையிலிருந்து வந்த மேல்பூச்சை யார் தொட்டிருந்தாலும், போப்பாண்டவரே தம் கையால் வண்ணம் அடித்திருந்தாலும், அந்த டிரம்முக்குப் பாதி விலைதான். இரண்டாவது, திருகைத் தொடாதே. டிரம்மின் தோலை இழுத்துக் கட்டும் கம்பிகள் உடலின் பக்கவாட்டில் உள்ள உலோகக் காதுகளில் இறங்கும். அந்தக் காதுகளைப் பிடித்திருக்கும் திருகுகளின் இடுக்கில் பழைய தூசி படிந்திருந்தால், யாரும் கழற்றவில்லை, எல்லாம் பிறந்தபடியே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சங்கத்தார் அந்தத் தூசிக்குக் கொடுத்த மரியாதை பாதிரியாருக்குக் கிடைத்ததில்லை. நல்ல தூசி உள்ள டிரம்முக்கு முன்னால் தும்மினவனை ஒரு வருஷம் சந்தைக்குள் விடாமல் வைத்திருந்தார்கள்.

அப்படி ஒரு வருஷத்துச் சந்தையில், மத்தியான வாக்கில், வான்கோழி வேகவைக்கும் பெரிய பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண்மணி வரிசையில் வந்து நின்றாள். பெயர் வெர்னா டோம்பெக். தெற்குப் பக்கத்துத் தேவாலயத்தின் போல்கா நடன பாண்டில் டிரம் வாசிப்பவள். அறுபதைத் தாண்டியவள். அவளுடைய முழங்கைகளைப் பார்த்தால் வரிசையில் யாரும் முந்த மாட்டார்கள். பாத்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே இருந்த, குச்சியால் தட்டும் சின்ன ஸ்நேர் டிரம்மை மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன விலை போகும்னு சொல்லுங்க ஐயா. கொஞ்சம் சீக்கிரம். கார்ல உருளைக்கிழங்கு சாலட் இருக்கு, வெயில்ல கெட்டுரும்."

பாண்டில் அக்கார்டியன் வாசிக்கும் அவள் கொழுந்தன் இந்த டிரம்மைக் குப்பை, குப்பை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவன் வாயில் அடைக்க ஒரு விலை வேண்டுமாம். அவ்வளவுதான் அவள் கோரிக்கை.

டிரம்மைப் பார்த்த கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? உடல் முழுக்க மஞ்சள் மைக்கா ஷீட். சமையலறை மேடைக்கு ஒட்டுவார்களே, அதே. அதில் வெள்ளையும் சாம்பலுமாகப் பறக்கும் கோலங்கள். ஒட்டினவர் காதுகளைக் கழற்றச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு காதையும் சுற்றிக் கத்தரித்து ஒட்டியிருந்தார். செத்துப்போன காசிமிர் மாமாவின் கைவேலை என்றாள் வெர்னா. அத்தைக்கு மேடை போட்டதில் மிச்சமான துண்டாம்.

எல்ராய் சிரிக்கவில்லை. அவர் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர்த்துளி போல நீண்டு, இடுப்பில் கிள்ளிவிட்டதுபோல் ஒடுங்கிய காதுகள். சிகாகோவில் முன்பு இருந்த டன்லெவி கம்பெனி அந்தக் காதை ஒரே ஒரு ரகத்துக்குத்தான் போட்டது. பித்தளை உடல், மேலே கருத்த முலாம், அதைக் கீறிப் பொன்னாய்த் தெரியும் பூவேலை. அந்த ரகத்தில் ஒன்று கிடைப்பதற்காகக் கட்டின பெண்டாட்டியை அடகு வைக்கத் தயாராக இருந்தவர்கள் அந்தக் கொட்டகையில் பாதிப்பேர். எல்ராய் தட்டினார். மோந்தார். கண்ணை மூடினார். பிறகு சொன்னார்.

"இதுக்கு அடியில டன்லெவி பூவேலை இருக்கு."

பக்கத்து மேஜைக்காரர் மார்வின் க்ளபுண்டே கெக்கலித்தார். பள்ளிக்கூட பாண்டுகளின் டிரம்களைப் பழுது பார்ப்பவர் அவர். எல்ராய்க்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிநேகிதர், அதனால் அன்றிலிருந்தே எதிரி. அந்தச் சிவப்பு நாற்காலிமேல் அவருக்கு ஒரு கண் என்று எல்லாருக்கும் தெரியும். மற்ற கண்ணும் அதன்மேல்தான் என்பது எல்ராய்க்கு மட்டும் தெரியும்.

"பள்ளிக்கூடத்து மொட்டை டிரம் அது" என்றார் மார்வின். "காதை எந்தக் கழுதைக்கும் மாட்டலாம், எல்."

கூட்டம் மறுபடி சிரித்தது. இந்த முறை எல்ராயைப் பார்த்துச் சிரித்தது. அங்கேதான் மனிதர் வாயை விட்டார்.

"பூவேலை இல்லேன்னா இந்த நாற்காலியில நீ உக்காந்துக்கடா."

கொட்டகையில் தட்டிக்கொண்டிருந்த அத்தனை டிரம்களும் வாயடைத்து நின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை, சங்கத்தார் வழக்கமாக மீன் வறுவல் தின்னக் கூடும் மதுக்கடையில் மைக்காவை உரித்த டிரம்மைக் காட்டுவது என்று முடிவாயிற்று. வெர்னாவிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பது கடைசியில்தான் யாருக்கோ தோன்றியது. அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து நடனத்துக்கு டிரம் கைக்கு வந்துவிட வேண்டும். வேலை நடக்கும்போது தானும் கூட இருப்பாள். எல்ராயை நம்பாமல் இல்லை, ஆனால் நம்பவும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

திங்கட்கிழமை எல்ராயின் வீட்டு நிலவறையில் வேலை தொடங்கியது. வெர்னா துவைக்கும் இயந்திரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கையில் பூண்டுத் தொத்திறைச்சியும் ரை தானிய ரொட்டியும். எல்ராய் தலைமுடி உலர்த்தும் கருவியால் மைக்காவின் ஓரத்தைச் சூடாக்கி, மொட்டைக் கத்தியால் நெம்பினார். அது அசையவில்லை. காசிமிர் மாமா ஒட்டினால் அப்படித்தான் என்றாள் வெர்னா. அவர் ஒட்டின சுவர்க் காகிதம், வீட்டை இடித்த பிறகும் கொஞ்ச நாள் தனியாக நின்றதாம். எல்ராய் வியர்த்தார். கருவி புகைந்தது. அரை விரல் அகலம் உரிவதற்குள் அவருக்கு வயது இரண்டு கூடிவிட்டது. இப்படியே புதன்கிழமைவரை ஓடியது. அதற்குள் வெர்னா தன் கொழுந்தனைப் பற்றிய கதைகளைச் சொல்லி முடித்திருந்தாள். எல்ராய் அந்த மனிதனைப் பார்க்காமலேயே வெறுக்கக் கற்றிருந்தார்.

மைக்காவுக்கு அடியில் வெள்ளிப் பூச்சு இருந்தது. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களுக்கு அடிக்கும் மட்டமான பெயிண்ட். பாண்டுக்காரர்கள் ஒரு காலத்தில் வெள்ளி நிறக் கோட்டுப் போட்டார்கள், அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மாமா அடித்தது என்றாள் வெர்னா. எல்ராய் பெயிண்ட் கரைக்கும் களிம்பைத் தடவிக் காத்திருந்து, பழைய பனியன் துணியால் துடைத்தார். எஃகு நாரைத் தொடவில்லை. பித்தளையில் நாரைப் போடுகிறவனைத் தூக்கில் போட வேண்டும் என்பது அவர் கொள்கை. மூலைமுடுக்குகளைப் பல்குச்சியால் நோண்டினார்.

வெள்ளி கரைந்தது. கருப்புத் தெரிந்தது. கருப்பில் பொன்னாய் ஒரு கோடு தெரிந்தது. கோடு வளைந்து இலையாயிற்று.

எல்ராய் பல்குச்சியைக் கீழே வைத்தார். பிறகு நிலவறையைச் சுற்றி ஆடினார். அந்த வயதில், அந்த உடம்போடு, அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே ஆடினதில் தலை மோதிக் கூரைதான் வீங்கியது. வெர்னா தொத்திறைச்சியை மென்றுகொண்டே, இலை நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் உடல் முழுக்க வெளியே வந்துவிட்டது. சுற்றிலும் ஒரு கொடி. எல்ராய் கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கும் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ரசிக்கக் குனிந்தார். கொடி டன்லெவியின் ரோஜாக் கொடி இல்லை. பீரில் கசப்புக்குப் போடுவார்களே, அந்த ஹாப்ஸ் கொடி, காய்க்கொத்துகளோடு. பரவாயில்லை, ஏதோ பீர் கம்பெனிக்காகத் தனியாகச் செய்தது என்று மனதுக்குள் சமாதானம் சொன்னார். கண்ணாடி நகர்ந்தது. ஒரு காதின் ஓரத்துக்கு வந்தது. அங்கே கொடி, பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைச் சுற்றிப் போகிறவனைப்போல, காதைத் தொடாமல் மயிரிழை தள்ளி வளைந்து போயிற்று. அடுத்த காதிலும் அப்படியே. எல்லாக் காதிலும் அப்படியே.

 டன்லெவியில் வெறும் உடலைத்தான் முதலில் செதுக்குவார்கள். அதன் பிறகுதான் துளை போடுவார்கள், அதன் பிறகுதான் காது. அதனால் அசல் டன்லெவியில் பூ காதுக்கு அடியிலும் ஓடும், துளை இதழைக் குத்தியிருக்கும். சங்கத்தில் இது குழந்தைக்கும் தெரியும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எல்ராய் தம் இரண்டாவது சட்டத்தை மீறினார். ஒரு காதின் திருகைக் கழற்றினார். பழம்பெரும் தூசி பொலபொலவென்று உதிர்ந்து, நிலவறைக் காற்றில் கலந்து போயிற்று. காதுக்கு அடியில் ஒன்றுமில்லை. மொட்டை. அந்த இடம் மட்டும் கருப்புக் கண்ணாடிபோல் பளபளத்தது.

வெர்னா இயந்திரத்திலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். எல்ராய் விஷயத்தைச் சொன்னார். அவள் கொஞ்சமும் அதிரவில்லை. காசிமிர் மாமா இயந்திர அச்சு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவராம். கையில் உளி கிடைத்தால் சும்மா இருக்க மாட்டாராம். அத்தையின் பொரிச்சட்டி, சாப்பாட்டு டப்பா மூடி, கார்க் கதவு, எல்லாவற்றிலும் கொடிதானாம். ஒருநாள் அத்தை தூங்கும்போது கல்யாண மோதிரத்திலும் செதுக்கிவிட்டாராம்.

ஆக டிரம் டன்லெவிதான், செதுக்காமலே கம்பெனியை விட்டு வெளியே வந்துவிட்ட ஒன்று. உடல் மொட்டை, மார்வின் சொன்னபடி. பூவேலை இருக்கிறது, எல்ராய் சொன்னபடி. ஆனால் அது மாமாவின் பூவேலை. எல்ராயின் முதல் சட்டப்படி இது மாற்றினது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. செதுக்கினது ஒன்று, வெள்ளி அடித்தது ஒன்று, மைக்கா ஒட்டினது ஒன்று.

"யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் வெர்னா. "காதைத் திருப்பி மாட்டிரு. அந்தக் கூட்டத்துல யாரும்தான் திருகுல கை வைக்க மாட்டாங்களே. உன் நாற்காலியும் உன்னோடயே இருக்கும், என் கொழுந்தன் மூஞ்சியும் தொங்கிப்போவும்."

"தூசி போயிருச்சே வெர்னா."

இதைச் சொன்னபோதே அவர் கண் அவளுக்குப் பின்னால் போயிற்று. துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே, பல வருஷமாகப் பெருக்காத இடுக்கில், சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டி அளவுக்குச் சுருண்டு கிடந்தது தூசி. எல்ராய் மண்டி போட்டார். ஒரு சிட்டிகை எடுத்தார். காதை மாட்டி, இடுக்கியால் தூசியைத் திருகின் பள்ளத்தில் வைத்து, தபால்தலை ஒட்டுகிறவனின் பக்தியோடு அழுத்தினார். வெர்னா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருந்தா எங்க வீட்டுலேர்ந்து கொண்டாந்திருப்பேனேய்யா. அதுவாவது நெசமாவே மாமா காலத்துத் தூசி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுக்கடையில் எள் போட்டால் எள் விழாது. மீன் வறுபடும் வாசனை தெருமுனைவரை நின்றது. எல்லார் கையிலும் செர்ரி மிதக்கும் பிராந்திக் கலவை. எல்ராய் வெர்னாவின் வான்கோழிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். கருப்பில் பொன் கொடி, மதுக்கடை விளக்கில் மின்னிற்று. சங்கத்தில் மூத்த ஒருவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அவருக்கு எப்போதுமே மயக்கம் வரும் என்றாலும் அன்றைக்குச் சரியான நேரத்தில் வந்தது.

மார்வின் க்ளபுண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எல்ராய் அவரிடமிருந்து ஒரு குத்தலை எதிர்பார்த்தார். குத்தல் வரவில்லை. மார்வின் தொப்பியைக் கழற்றினார். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார். தான் சொன்னது தப்பு, எல்ராய் சொன்னதுதான் சரி, இனிமேல் அந்த நாற்காலியைப் பார்க்கக்கூட மாட்டேன் என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார். அறுபது வருஷமாக எல்ராய் கேட்கத் துடித்த வார்த்தைகள் அவை. ஒவ்வொன்றும் தேன்.

அதோடு மார்வின் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு திருகுக்குக் கிட்டே குனிந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"தூசியைப் பாருங்கப்பா" என்று குசுகுசுத்தார். "யாரும் தொட்டதே இல்ல."

கூட்டம் மூச்சைப் பிடித்தது. சமையலறையில் மீன் பொரிகிறவனையும் யாரோ சத்தம் போடாதே என்று அடக்கினார்கள்.

"இதுல ஒரு நீல நூல் இருக்கு" என்றார் மார்வின். அவர் குரல் தழுதழுத்தது. "அந்தக் காலத்து பாண்ட் கோட்டு நூலு. இந்த நீலம் இப்ப எங்கயும் கிடைக்காது. எல், இந்த நூலை வச்சே எந்த வருஷம்னு சொல்லிரலாம் இல்ல?"

எல்ராய் அந்த நூலைப் பார்த்தார். அவருக்கு அது நன்றாகத் தெரிந்த நூல். போன மாசம் துவைக்கப் போட்டது. அதை மார்வின் தேவாலயத்துத் திருப்பண்டம்போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தாயிற்று. நாற்காலி கையில் இருக்கிறது. ஆனால் எல்ராய் ஸுங்கர் என்கிற மனிதர் பொய் சொன்னால் அது தம் வாயால் சொன்ன பொய்யாக இருக்க வேண்டும். ஊர் வாயைப் பிளந்து நிற்க வேண்டியது அவருடைய மூக்குக்காக, அவருடைய விரல் கணுவுக்காக. தம் சலவை அழுக்கைப் பார்த்து ஊர் கைதட்டினால் அதை எப்படித் தாங்குவது?  பிராந்தியை ஒரு மடக்குக் குடித்தார். 

"அது என் நீலப் பனியன் நூலு, மார்வ்."

யாருக்கும் விளங்கவில்லை. எல்ராய் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அதைத் திருகில் வைத்தபோது கூட்டத்தில் இரண்டு பேர் அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். வெர்னாவின் முழங்கைகள் அவர்களைத் தடுத்தன. திருகு கழன்றது. காது கழன்றது. மொட்டை இடம் எல்லாருக்கும் தெரிந்தது. சங்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த விஷயமல்லவா, விளக்கம் தேவைப்படவில்லை. இருந்தாலும் எல்ராய் விளக்கினார். இது அச்சு வெட்டும் பட்டறைக்காரர் காசிமிரின் வேலை என்றார். கம்பெனி பூவேலை இருக்கும் என்று தாம் சொன்னது தப்பு என்றார். தூசி எங்கிருந்து வந்தது என்பதையும், துவைக்கும் இயந்திரத்தின் பெயரைத் தவிர, ஒன்று விடாமல் சொன்னார்.

"மாத்தினது மாத்தினதுதான்" என்று முடித்தார். "நாற்காலி உன்னோடது."

அப்புறம் எழுந்த கூச்சலை எழுத்தில் கொண்டுவர முடியாது. இது மோசடி என்றவர்கள் ஒரு பக்கம். கொடி கம்பெனிக் கொடியைவிட அழகு, இதுவே தனி ரகம் என்றவர்கள் ஒரு பக்கம். ஒருவர் மீனை எறிந்தார், நல்லவேளையாக அது வெந்திருந்தது. கடைசியில் எல்லாரும் புதிய அதிகாரியிடம் திரும்பினார்கள். இது என்ன விலை, மார்வின் சொல்லட்டும்.  ஆயுசு முழுக்க எல்ராய் சொன்ன விலையைக் குறை சொல்லி வாழ்ந்தவர் அவர். தானாக ஒரு விலை சொல்ல வேண்டிய ஆபத்து அவருக்கு வந்ததேயில்லை. வாயைத் திறந்தார். மூடினார். எல்ராயைப் பார்த்தார். எல்ராய் மேஜைமேலிருந்த ஊறுகாய் வெள்ளரியைப் பார்த்தார்.

வெர்னாவுக்குப் பொறுமை போய்விட்டது. காதை மாட்டச் சொல்லி, டிரம்மைப் பிடுங்கி, பார் முக்காலியில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். மைக்கா போன உடம்பு கோயில் மணிபோல் கணீரென்று ஒலித்தது. போல்காவுக்கு இந்த ஒலி உதவாது, கால் எங்கே வைப்பது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் போகும் என்று முகம் சுளித்தாள். பிறகு டிரம்காரர்கள் எல்லாரும் செய்கிறதைச் செய்தாள். பக்கத்தில் நின்றவரின் பின்பையிலிருந்து பர்ஸை உருவித் தோலின் ஓரத்தில் வைத்தாள். ஒலி அடங்கி, சுருக்காக, கச்சிதமாக விழுந்தது. அந்தப் பர்ஸ் மார்வினுடையது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பர்ஸை வாங்கிக்க" என்றாள் அவரிடம். "அதுக்குள்ள ஒரு விலையையும் யோசிச்சு வை. என் கொழுந்தன் காதுல விழுற மாதிரி, சத்தமா சொல்லணும்."

அவள் ஒரு போல்காவை எடுத்தாள். கையில் தட்டு இருந்தவர்கள் தட்டோடு ஆடினார்கள். மார்வினைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடி, தங்கள் வீட்டு டிரம்களை வர்ணித்து விலை கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பாத்திரம் கழுவும் தொட்டி அளவுக்குக் கையை விரித்துக் காட்டினார். மார்வின் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டி, எல்ராயை நோக்கிக் கையை ஆட்டினார். கும்பிடுகிறாரா கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை.

எல்ராய்க்கு மீன் வந்தது. ஆவி பறந்தது. இத்தனை வருஷ வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் தோளைத் தட்டி விலை கேட்டு, அந்தக் கதை முடிவதற்குள் மீன் ஆறிப்போய்விடும். சூடான மீன் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்திருந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். நாக்குச் சுட்டது. அடுத்த துண்டை ஊதாமலே போட்டார்.